பெயர் மறைந்தால் நீரும் வழி மாறும்

கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் பெய்யும் மழை எவர் சொல்லுக்கும் காத்திராமல் தன் வழியைத் தானே தேடிக்கொள்கிறது. சரிவுகளில் சாமையும் கேழ்வரகும், ஈரம் தங்கும் பள்ளங்களில் நெல்லும் பயிரிடுவது அம்மலை மக்களின் பழைய வழக்கம். பள்ளம் நீருக்குரியது என்பதை உணர்ந்து, அந்நீரோடு இசைந்து வாழ்ந்த அறிவு இது. சமவெளியில் நகரங்களைக் கட்டிய நாமோ பள்ளத்தை மனையாகக் கண்டோம். அதன் விளைவைத்தான் இன்று அனுபவிக்கிறோம்.

நம் முன்னோர் நீருக்கு எத்தனை பெயர்கள் வைத்தனர்! ஏரிக்கு நீரைக் கொணர்வது வரத்துக்கால். வயலுக்கு வேண்டிய அளவு திறந்துவிடுவது மதகு. ஏரி நிறைந்தபின் மிகுதி நீர் கரையை உடைக்காமல் வெளியேற அமைந்தது கலிங்கு. அவ்வாறு வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்த ஏரித்தொடரே அக்காலத்து வெள்ளத் தடுப்பு ஏற்பாடு. குடிநீருக்கு ஊருணி, பாண்டி நாட்டிலே கண்மாய், தொண்டை நாட்டிலே சிற்றேரியாகிய தாங்கல் என இடத்திற்கேற்ப பெயரும் மாறியது. சென்னையின் பழவந்தாங்கலும் ஐயப்பன்தாங்கலும் தம் பெயரிலேயே தம் வரலாற்றைச் சுமந்து நிற்கின்றன.

பெயர் மறந்ததால் நேர்ந்த கேட்டுக்குப் பள்ளிக்கரணையே சான்று. சென்னையின் தெற்கே, பல ஏரிகளின் உபரி நீர் வந்து கூடும் பரந்த சதுப்புநிலம் அது. கடற்பஞ்சைப்போல நீரை உறிஞ்சி வைத்திருந்து, ஒக்கியம் மடுவு வழியாகச் சிறிது சிறிதாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், பின் கோவளம் கழிமுகம் வழியே கடலுக்கும் அனுப்புவது அதன் தொழில். இத்தகைய நிலத்தைக் கழிவெளி என்றனர் பெரியோர். உப்பங்கழி என்கிறோமே, அந்தக் கழிதான் இது, கழிவன்று. எனினும், பயனற்ற நிலமெனக் கருதப்பட்டு, அதன் ஒரு பகுதி பெருங்குடியில் குப்பைமேடாயிற்று. வேறு பகுதிகளில் சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் வீசிய மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிக் குடும்பங்கள் பட்ட துயரை நாடறியும். இழந்த இடத்தை நீர் திரும்பக் கேட்டது, வேறென்ன சொல்வது?

ஆறுதலான செய்தியும் உண்டு. 1971-இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் 2022-ஆம் ஆண்டு பள்ளிக்கரணை இடம்பெற்றது. பட்டியலில் சேர்ந்த பரப்பு ஏறத்தாழ 1,247 ஹெக்டேர்.

இங்கும் சொல்லின் வலிமையைக் கவனியுங்கள். ராம்சார் உடன்படிக்கை இயற்கையானவற்றோடு செயற்கை நீர்நிலைகளையும் ஈரநிலமாகவே கருதுகிறது. நம் மைய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ, நெல்வயல்களையும், ஆற்றுப் போக்குகளையும், பாசனத்திற்கெனவும் குடிநீருக்கெனவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் அவ்வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. பெரக்கரை நாட்டுப் பள்ளத்து வயலும், நம் ஊர்ப் பாசன ஏரியும் அவ்விதிகளின் காவலுக்கு வெளியே நிற்கின்றன. வருவாய்த்துறையின் நன்செய் வேறு, சட்டத்தின் ஈரநிலம் வேறு. ஒரு சொல்லின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கே அதன் பாதுகாப்பும் முடிகிறது. எஞ்சியவற்றைக் காக்க வேறு சட்டங்களும் ஊராரின் விழிப்புமே துணை.

ஆதலால் நம் இல்லங்கள் செய்யத்தக்கவை சில உள. மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. முன்னது தெருவில் விழும் மழையை ஆற்றுக்கும் கடலுக்கும் கொண்டுசெல்வது. பின்னது வீட்டுச் சாக்கடையைச் சுத்திகரிப்பு நிலையத்திற்குக் கொண்டுசெல்வது. வீட்டுக் கழிவை மழைநீர் வடிகாலில் இணைப்பவர் ஆற்றையும் கெடுத்து, தம் தெருவையும் மூழ்கடிக்கிறார். தமிழகத்தில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டியை, ஐப்பசி பிறக்குமுன் தூர்வாரி வைப்பது நலம். மனை வாங்க நினைப்போர் பட்டாவை மட்டும் நம்பாமல், கிராமத்தின் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் கேட்டுப் பார்க்கட்டும். அங்கே ஏரி, தாங்கல், ஓடை என்று கண்டால், விலை எவ்வளவு மலிவாயினும் விலகிவிடுதல் அறிவுடைமை.

இரவு உணவுக்குப்பின் நம் பிள்ளைகளை அருகில் அழைத்து, நம் ஊர் ஏரியின் கலிங்கு எங்கே இருக்கிறது என்று கேட்போம். அவர்கள் அறியாவிடில் பாட்டனாரைக் கேட்கச் சொல்வோம். அவரும் மறப்பதற்குள் கேட்டுவிடுவது நல்லது.