வடவமா, வடகமா?

சென்ற ஆண்டு எங்கள் பட்டறையிலிருந்த சின்ன வெங்காயம் விலை போகவில்லை. ஆலத்தூர், செட்டிகுளம் பக்கத்து நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விலை ஏறுமென்று பட்டறை போட்டுக் காத்திருப்பதும், ஏறுவதற்குள் வெங்காயம் முளைப்பதும் அழுகுவதும் அவர்கள் வீட்டிலும் நடப்பவைதாம். மிஞ்சியதில் ஒரு பகுதியை அம்மா உரலில் இடித்து, பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, சித்திரை வெயிலில் வடவமாகக் காயவைத்தார்.

"இதை ஆன்லைன்ல வித்தா என்ன?" என்றார் மாமா. கூடவே கைபேசியில் ஒரு விளம்பரத்தையும் காட்டினார். இணையத்தில் லாபம் தரும் தொழிலைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தரும் பயிற்சியாம். கட்டணம் 15,000 ரூபாய். விதை வெங்காயம் வாங்கிய கடனே அடையாத வீட்டில் அது சிறிய தொகையன்று. "கொஞ்சம் பொறுங்க மாமா, நானே பார்த்துச் சொல்றேன்" என்றேன். அவ்வாறு பார்த்து அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

அரியலூர் கடைவீதியில் கடை வைத்திருப்பவருக்கு, வருவோர் எதைக் கேட்கின்றனர் என்பது நாள் முழுதும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கேட்ட பொருள் கிடைக்காமல் திரும்பியவர்களையும் அவர் அறிவார். இணையத்தில் கடை விரிப்பவருக்கு அத்தகைய காது கிடையாது. மக்கள் கூகுளில் எந்தச் சொல்லைத் தட்டித் தேடுகின்றனர் என்பதை அறிந்துதான் அவர் அக்குறையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இதற்குத் தேடுசொல் ஆய்வு என்று பெயர். பெரிய வியாபாரிகள் கவனிக்காததும், ஆனால் வாங்குவதற்கு ஆள் இருப்பதுமான ஒரு சிறு பிரிவைக் கண்டுகொள்வதே அதன் நோக்கம். கிரிஸ் ஆண்டர்சன் என்னும் அமெரிக்க இதழாசிரியர் 2004-இல் 'வயர்டு' இதழில் இதனை 'நீண்ட வால்' என்று விளக்கினார். அதிகம் விற்கும் சில பொருள்கள் தலை என்றால், கொஞ்சம் கொஞ்சமாக விற்கும் எண்ணற்ற பொருள்கள் வால். இணையத்தில் அந்த வாலுக்கும் வியாபாரம் உண்டு என்பது அவர் கருத்து.

ஆய்வை நான் கணினியில் தொடங்கவில்லை, வகுப்பில் தொடங்கினேன். "வடவம் என்றால் என்ன?" என்று தோழிகளைக் கேட்டேன். ஜெயங்கொண்டத்துத் தோழி, குழம்பு தாளிப்பது என்றாள். வேறொருத்தி, அதன் பெயர் வடகம் என்று திருத்தினாள். மூன்றாமவளோ, கூழ் காய்ச்சிப் பிழிந்து எண்ணெயில் பொரிப்பதுதானே வடகம் என்றாள். ஒரே வகுப்பில் இத்தனை குழப்பம்! வெளியூர்க்காரர் ஒருவர் 'வடகம்' என்று தேடினால் அவருக்கு வேண்டியது எது என்று எவ்வாறு அறிவது?

பிறகே கூகுளுக்குச் சென்றேன். தேடும் பெட்டியில் பாதிச் சொல்லைத் தட்டியவுடன் மீதியை அதுவே எடுத்துக்கொடுக்கிறது அல்லவா? பலரும் தேடியவற்றிலிருந்தே அவ்வரிகள் பெரும்பாலும் பிறக்கின்றன. 'வடகம்' என்று எழுதி, அடுத்து ஒவ்வோர் எழுத்தாக வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். தமிழர் பலர் ஆங்கில எழுத்திலேயே தட்டுவதால், 'க'வுக்கு ஒருவர் 'ஜி' போடுகிறார், ஒருவர் 'கே', இன்னொருவர் 'எச்'. அவற்றையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருந்தது.

பட்டியலைப் பார்த்ததும் ஓர் உண்மை புலப்பட்டது. 'செய்வது எப்படி' என்று கேட்பவர் தாமே செய்ய நினைப்பவர். 'விலை', 'ஒரு கிலோ', 'வாங்க' என்று சேர்த்துத் தட்டுபவரே கையில் பணத்தோடு வருபவர். முதல் வகையினர் ஆயிரம் பேர் வருவதைவிட இரண்டாம் வகையினர் பத்துப்பேர் வருவது மேல். தேடுவோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தொழில் தொடங்குவோர் இங்குதான் சறுக்குகின்றனர் என்று நினைக்கிறேன்.

எண்களிலும் ஏமாறுவதற்கு இடமுண்டு. கூகுள் டிரெண்ட்ஸ் காட்டும் 100 என்பது நூறு பேர் தேடினார்கள் என்பதைக் குறிப்பதன்று. நாம் கேட்ட காலத்தில் தேடல் உச்சத்தில் இருந்த நிலையை 100 என வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிடுகிறது, அவ்வளவே. எந்த மாதத்தில் தேவை கூடுகிறது என்று பார்க்க அது போதும். கீவேர்டு பிளானர் என்னும் கருவி மாதந்தோறும் எத்தனை தேடல் என்று சொல்லும். ஆனால் விளம்பரத்துக்குப் பணம் செலவிடாதவருக்கு 100 முதல் 1,000 வரை என்பதுபோல் அகலமான வரம்பாகவே தரும். அதில் 'போட்டி' என்றிருப்பது விளம்பரம் கொடுப்பவர்களுக்கு இடையிலான போட்டி. அது குறைவாக இருப்பதைக் கண்டு, களம் காலியாக இருக்கிறது என்று நானும் முதலில் மகிழ்ந்துபோனேன்.

தேடலின் நடுவே 'வடூவான்' என்றொரு சொல் எதிர்ப்பட்டது. புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கே நம் வடகத்தைச் சுவைத்தவர்கள் அதைத் தங்கள் நாவுக்கேற்ப மாற்றிக்கொள்ள, மேலைநாட்டுச் சமையலில் அது வடூவான் என்னும் மசாலாவாக வழங்குகிறது. எனக்கு வியப்புத் தாங்கவில்லை. ஆனால் அவர்களுடைய வடூவானில் விளக்கெண்ணெய் மணத்தை எதிர்பார்ப்பவர் இருக்கமாட்டார்கள். அப்பெயரில் அம்மாவின் உருண்டையை அனுப்பினால், சொல் பொருந்தினாலும் பொருள் பொருந்தாது. ஏற்றுமதிக்கு வேறு நடைமுறைகளும் உள்ளன. ஆகவே அதனை ஒதுக்கிவைத்தேன்.

அம்மாவோ, "வடவத்துல என்னடி ஆராய்ச்சி? மோந்து பாத்தா வாங்கிட்டுப் போறாங்க" என்றார். இணையத்தில் மோந்து பார்க்க இயலாதே! மணம் செய்யும் வேலையைப் பெயர்தான் செய்தாக வேண்டும். எனவே 'தாளிப்பு வடகம்' என்று பெரிதாகவும், 'சின்ன வெங்காய வடவம், குழம்புக்கு' என்று கீழேயும் எழுதுவதென முடிவாயிற்று. 'தாளிப்பு' என்னும் ஒரு சொல், கூழ் வடகம் தேடுபவரை வேறு கடைக்கு அனுப்பிவிடும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் செய்து விற்பதற்கும் பதிவு தேவை, அதற்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

மாமா அந்தப் பயிற்சியில் சேரவில்லை. அதற்காக எங்கள் வெங்காயத்துக்கு விடிவு வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு பட்டறை வெங்காயம் முழுவதையும் வடவமாக்க அம்மாவின் இரு கைகளால் ஆகாது. மண்டி விலையைத் தேடுசொல் மாற்றவும் மாற்றாது. வரும் சித்திரைக்கு இரண்டு மூட்டை ஒதுக்க வேண்டும் என்கிறார் அம்மா. முதலில் ஒன்று போதும் என்கிறார் அப்பா.