பிலே தீவின் ஐசிசு கோயில்

பண்டை எகிப்தின் தென்னெல்லையாக விளங்கிய அசுவான் நகரை அணுகுமிடத்தில், நைல் நதியின் போக்கைக் கருங்கற்பாறைகள் இடைமறிக்கின்றன. பாறைகளுக்கிடையே நீர் நுரைத்துப் பாயும் அவ்விடத்தைப் புவியியலார் முதலாம் நீர்வீழ்ச்சி என வழங்குவர். அதற்குச் சற்றுத் தெற்கே, ஏறக்குறைய 450 மீற்றர் நீளமும் 150 மீற்றர் அகலமுமுடைய சிறு தீவொன்று இருந்தது. பிலே என்பது அதன் பெயர். ஐசிசு என்னும் பெருந்தேவியின் கோயில் அத்தீவில் அமைந்திருந்தது.

விடுமுறைக் காலத்தில் எகிப்து செல்வோர் பெரும்பாலும் முதலில் கெய்ரோவுக்கு அண்மையிலுள்ள கூர்நுதிக் கோபுரங்களைக் காண்பர். பின்னர் தெற்கே சென்று கர்நாக்குப் பெருங்கோயிலைக் காண்பர். ஈற்றில் அசுவானை அடைந்து, படகேறிப் பிலேயின் கோயிலுக்குச் செல்வர். முன்னவை இரண்டும் தம் பருமையாலும் பழைமையாலும் காண்போரைத் திகைக்கச் செய்வன. அவற்றோடு ஒப்பிடும்போது பிலே சிறியது. காலத்தாலும் மிகப் பிந்தியது. எனினும், மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலவிய ஒரு சமயத்தின் இறுதிப் பூசை நடந்த இடங்களுள் இதுவே தலையாயது. ஆதலின், இக்கோயிலைக் காணச் செல்பவர் அதன் வரலாற்றை ஓரளவேனும் அறிந்து செல்லுதல் நன்று.

கோயிலுக்கு அடிப்படையாயமைந்த புராணக்கதை எகிப்தியர் அனைவரும் அறிந்தது. ஒசிரிசு என்பான் நாட்டை நல்லாட்சி புரிந்த மன்னன். அவன்மீது பொறாமை கொண்ட தம்பி சேத்து, அவனைக் கொன்று உடலைத் துண்டுகளாக்கி நாடெங்கும் வீசினான். ஒசிரிசின் மனைவியாகிய ஐசிசு, அழுதவண்ணம் அலைந்து அத்துண்டுகளைத் தேடியெடுத்து ஒன்றுசேர்த்தாள். அவள் பெற்ற மைந்தன் ஓரசு, வளர்ந்து பகைவனை வென்று தந்தையின் அரியணையைப் பெற்றான். ஒசிரிசு இறந்தோருலகின் அரசனாயினான். ஆண்டுதோறும் பெருகிவந்த நைல் வெள்ளம் ஒசிரிசின் உடலினின்று ஊறுவதென எகிப்தியர் நம்பினர். நீர்வீழ்ச்சிப் பகுதி வெள்ளத்தின் தோற்றுவாயாகக் கருதப்பட்டமையால், ஒசிரிசின் சமாதியும் ஐசிசின் கோயிலும் அங்கு அமைந்தமை அவர்களுக்கு இயல்பாகவே தோன்றியது.

இன்று எஞ்சியுள்ள கட்டடங்களுள் முந்தியவை கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நெக்தானேபோ மன்னனின் காலத்தவை. பிரதான கோயிலோ, அலெச்சாந்தரின் பின் எகிப்தை ஆண்ட கிரேக்க மரபினரான தொலமி மன்னர்களால், சிறப்பாக இரண்டாம் தொலமியின் காலந்தொடக்கம் எழுப்பப்பட்டது. பின்னர் வந்த உரோமப் பேரரசரும் தத்தம் பங்கிற்கு மண்டபங்களும் வாயில்களும் கட்டினர். கிரேக்கரும் உரோமருமாகிய இவ்வரசர் யாவரும், பழைய பாரோ மன்னர்களின் முடியும் உடையும் தரித்து, ஐசிசின் முன் காணிக்கை ஏந்தி நிற்பவராகவே சுவர்களிற் செதுக்கப்பட்டுள்ளனர். நாட்டைக் கைப்பற்றியவர்கள் அந்நாட்டுக் குருமாரின் உள்ளத்தைக் கைப்பற்ற மேற்கொண்ட வழி இதுவாகும்.

தீவின் தென்கோடியிற் கரையேறும் பயணியின் இருமருங்கும் தூண் வரிசைகள் தோன்றும். இவை ஒன்றற்கொன்று இணையாக அமையவில்லை. கோயிலின் நடுக்கோடும் நேராக இல்லை. ஒரே காலத்தில் வகுத்த திட்டப்படி எழாது, பல தலைமுறையினர் தீவின் வடிவத்துக்கு இயையக் கட்டியமையே இதற்குக் காரணம். தூண்களின் தலைப்பகுதிகளிலே தாமரை, பனையோலை, நாணற்பூ முதலிய வடிவங்கள் பலவாறு செதுக்கப்பட்டுள்ளன. கீழ்வரிசையிற் சில தூண்கள் முற்றுப்பெறாதிருப்பதையும் கூர்ந்து நோக்குவோர் காண்பர்.

அப்பாற் செல்ல, ஏறக்குறைய 18 மீற்றர் உயரமான முதலாம் வாயிற்கோபுரம் எதிர்ப்படும். பன்னிரண்டாம் தொலமி தன் பகைவரைத் தலைமயிரிற் பற்றி அடிக்கும் காட்சி அதன் முகப்பில் உள்ளது. கோபுரத்தைக் கடந்தால் முற்றம், முற்றத்தின் மேற்கே ஓரசின் பிறப்பைக் கொண்டாடும் பிறப்பில்லம், எதிரே இரண்டாம் வாயிற்கோபுரம், அதன் பின் தூண்மண்டபம், ஈற்றிலே கருவறை. உள்ளே செல்லச் செல்ல ஒளி குறையும். பொதுமக்கள் முற்றம்வரை வரலாம். தேவியின் திருவுருவை அணுகும் உரிமை குருமாருக்கே இருந்தது. அவர்கள் நாள்தோறும் திருவுருவைத் துயிலெழுப்பி, நறும்புகையிட்டு, ஆடையணிவித்து, உணவு படைத்து வழிபட்டனர்.

நம்மவர் இவ்வமைப்பையும் வழிபாட்டையும் காணுமிடத்து, சைவ ஆலயங்களை நினைவு கூர்தல் இயல்பே. ஆயினும், ஒப்புமை மாத்திரம் கொண்டு ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்ததென முடிவு செய்தல் ஆராய்ச்சி நெறியன்று. தெய்வத்தை ஓர் இல்லத்தில் வாழும் அரசனாகவோ அரசியாகவோ கருதும் மக்கள், அவ்வரசர்க்குரிய உபசாரங்களைச் செய்ய முற்படுதல் எங்கும் நிகழக்கூடியது.

பிலேயின் விழாக்களுள் ஒன்று தனிக் கவனத்துக்குரியது. அத்தீவின் மேற்கே பீகா என்னும் தீவு உண்டு. ஒசிரிசின் சமாதி அங்குள்ளதெனக் கொள்ளப்பட்டமையால் குருமாரன்றிப் பிறர் அங்கு கால்வைத்தல் தடுக்கப்பட்டிருந்தது. பத்து நாளுக்கு ஒருமுறை ஐசிசின் திருவுருவம் படகில் ஏற்றப்பட்டுப் பீகாவுக்கு எடுத்துச் செல்லப்படும். கணவனின் சமாதியிற் பால் சொரியப்படும். அங்கே பறையும் யாழும் குழலும் ஒலித்தலாகாது, உரத்துப் பேசுதலும் ஆகாது என்னும் விதிகள் அதிரியன் பேரரசனின் பெயரால் வழங்கும் வாயிலிலே பொறிக்கப்பட்டுள்ளன. இறந்த கணவனுக்குப் பால்வார்க்கச் செல்லும் கைம்பெண்ணின் துயரை மதித்து, ஒரு தீவே வாய்மூடி இருந்தது.

இத்தகைய தலத்துக்கு அடியார் மாத்திரமன்றி அதிகாரிகளும் வந்தனர். வந்த அதிகாரிகளையும் போர்வீரரையும் பேணும் செலவு கோயிலின் தலையிற் சுமத்தப்பட்டது. கி.மு. 2ஆம் நூற்றாண்டிற் குருமார் எட்டாம் தொலமி மன்னனுக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தனர். வருவோர் தம் செலவைக் கோயில் ஏற்குமாறு வற்புறுத்துவதனாற் கோயில் வறுமையுறுகின்றதென்றும், பூசைக்குரிய பொருளும் குறைவுறுமென்றும் அதில் முறையிட்டனர். மன்னன் அவ்வழக்கத்தைத் தடைசெய்தான். அம்முறையீடும் ஆணையும் வாயிற்கோபுரத்தின் முன் நின்ற ஒற்றைக்கற்றூண் ஒன்றின் அடிப்பீடத்திலே கிரேக்க மொழியில் எழுதப்பட்டன.

அக்கற்றூண் பிற்காலத்தில் எதிர்பாராத பயனொன்றைத் தந்தது. வில்லியம் பாங்சு என்னும் ஆங்கிலேயர் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லச் செய்தார். அது 1821இல் அங்கு சேர்ந்தது. தூணிற் படவெழுத்துகளும் பீடத்திற் கிரேக்க எழுத்துகளும் இருந்தமையால், கிளியோபாத்திரா என்னும் பெயரைப் படவெழுத்தில் அடையாளங்காண இயன்றது. ஏற்கெனவே உரொசெற்றாக் கல்லில் தொலமியின் பெயர் அறியப்பட்டிருந்தது. இரு பெயர்களுக்கும் பொதுவான எழுத்துகளை ஒப்பிட்டமை, 1822இற் பிரெஞ்சு அறிஞர் சம்போலியன் படவெழுத்தை வாசித்தறியத் துணைசெய்தது. இந்நன்றியை விஞ்ஞானிகளும் மறந்திலர். 2014ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் உரொசெற்றா விண்கலத்திலிருந்து பிரிந்து ஒரு வால்வெள்ளியின்மீது இறங்கிய கருவிக்குப் பிலே என்றே பெயரிட்டனர்.

படவெழுத்துக்கு மறுபிறப்பளித்த இதே தலத்திலேதான் அவ்வெழுத்து முன்னர் இறந்தது. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியிலே தியோதோசியன் பேரரசன் பழைய கோயில்களின் வழிபாட்டைத் தடைசெய்தான். எனினும் பிலேயிற் பூசை ஓயவில்லை. தெற்கே வாழ்ந்த பிளெமியர், நூபியர் என்னும் குலத்தவர் ஐசிசிடம் ஆழ்ந்த பத்தியுடையவராய் இருந்தமையும், எல்லைப்புறத்திலே அவரைப் பகைத்துக்கொள்ள உரோமர் விரும்பாமையும் இதற்குக் காரணங்களாகும். 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர்களை வென்ற உரோமப் படைத்தலைவன் மக்சிமினன்கூட, அவர்கள் கோயிலுக்கு வருவதற்கும் தேவியின் திருவுருவைத் தம் நாட்டுக்கு எடுத்துச்சென்று மீண்டும் கொணர்வதற்கும் உடன்படிக்கையில் இடமளித்தான்.

ஆயினும், குருமாரின் தொகை அருகிக்கொண்டே வந்தது. 394ஆம் ஆண்டு ஓகத்து 24ஆம் நாள், எசுமேத்து-அகோம் என்னும் குரு அதிரியன் வாயிலில் ஒரு தெய்வ உருவைச் செதுக்கி, அதனருகே படவெழுத்திற் சில தொடர்களைப் பொறித்தார். காலம் அறியப்பட்ட படவெழுத்துச் சாசனங்களுள் அதுவே இறுதியானது. படவெழுத்தின் வழிவந்த தெமோத்திக்கு என்னும் விரைவெழுத்தின் இறுதிச் சாசனமும் இக்கோயிலிலேயே 452இற் பொறிக்கப்பட்டது. எழுத்தை அறிந்தோர் ஒருசில குடும்பத்தினரே. கற்பிக்கும் இடம் கோயில் ஒன்றே. அக்குடும்பங்கள் அற்றுப்போகவே, ஏறக்குறைய 3,500 ஆண்டுகள் வழங்கிய எழுத்தை வாசிப்பார் எவருமிலராயினர். கோயில்கள் இடியாது நின்றன; சுவர்களில் எழுத்துகளும் அழியாது நின்றன; பொருள் மட்டும் மறைந்தது. ஒரு கலையைச் சிலர் மாத்திரம் தமக்குள் வைத்துப் போற்றுவதில் உள்ள இடரை விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

6ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், யசுத்தீனியன் பேரரசனின் ஆணைப்படி படைத்தலைவன் நார்சேசு கோயிலை மூடினான். குருமார் சிறைப்பட்டனர்; திருவுருவங்கள் கொன்சுதாந்திநோபிளுக்கு அனுப்பப்பட்டன. தூண்மண்டபம் தியோதர் என்னும் ஆயரால் புனித இசுதேவானின் தேவாலயமாக்கப்பட்டது. தூண்களிற் சிலுவைகள் செதுக்கப்பட்டன. பழைய தெய்வங்களின் முகங்கள் கொத்தியழிக்கப்பட்டன. இவ்விரு அடையாளங்களையும் இன்றும் அருகருகே காணலாம். 1799இல் அவ்வழி வந்த நெப்போலியனின் படையினரும் தம் வெற்றியை வாயிலில் எழுதிச் சென்றனர்.

மனிதராற் பெரிதும் அழியாத கோயிலுக்கு நீரால் இடையூறு வந்தது. பயிர்ச்செய்கைக்கு நீரைத் தேக்கும் பொருட்டு ஆங்கிலேயர் அசுவானில் 1902இல் ஓர் அணையைக் கட்டி முடித்தனர். பிலேயைக் கருதிப் பலர் கண்டித்தமையால் அதன் உயரம் முதலிற் குறைக்கப்பட்டது; ஆயினும் பின்னர் இருமுறை உயர்த்தப்பட்டது. வண்டல் கலந்த வெள்ளம் வரும் கோடையில் மதகுகள் திறக்கப்படும். அப்பொழுது கோயில் வெளிப்படும். குளிர்காலத்தில் நீர்த்தேக்கம் நிறையும், கோயில் மூழ்கும். பயணிகள் வரும் பருவமோ குளிர்காலம். ஆதலின், அக்காலத்திற் சென்றோர் நீருக்கு மேலே தோன்றிய தூண்தலைகளுக்கிடையே படகிற் சென்று மீண்டனர். அத்தூண்களின் நீலமும் பச்சையும் செம்மையும் நீரிற் கரைந்தொழிந்தன.

1960இல் அசுவான் உயரணையின் வேலை தொடங்கியபோது நிலைமை மேலும் முற்றியது. பழைய அணைக்கும் புதிய அணைக்கும் இடையே பிலே அகப்பட்டது. முன்போல் ஆண்டுக்கொருமுறையன்றி நாள்தோறும் நீர்மட்டம் ஏறியும் இறங்கியும் மணற்கற் சுவர்களை அரிக்கும் நிலை உண்டாயிற்று. 1960 மார்ச்சு மாதத்தில் யுனெசுக்கோ நிறுவனம் நூபியச் சின்னங்களைக் காக்குமாறு உலக நாடுகளை வேண்டியது. அபு சிம்பெல் கோயில்கள் 1968அளவில் உயரமான இடத்துக்கு மாற்றப்பட்டன. பிலேயின் பணி 1972இல் ஆரம்பமாயிற்று. தீவைச் சுற்றி இரட்டை உருக்குவேலி அடித்து, இடையே மணல் நிரப்பி, உள்ளிருந்த நீரை இறைத்தனர். ஏறக்குறைய 40,000 கற்கள் இலக்கமிட்டுப் பெயர்க்கப்பட்டன. வேலிக்கு வெளியே மூழ்கிக்கிடந்த வாயிலொன்றின் கற்களைச் சுழியோடிகள் மேலே கொணர்ந்தனர். சில நூறு மீற்றருக்கு அப்பாலுள்ள அகில்கியா என்னும் தீவை, வெடிவைத்துத் தகர்த்துப் பிலேயின் வடிவுக்கு அமையத் திருத்தி, பழைய திசையமைதி மாறாது கோயிலை மீண்டும் எழுப்பினர். 1980 மார்ச்சு 10ஆம் நாள் அது திறந்துவைக்கப்பட்டது. எனவே, இன்று பயணிகள் காணும் கோயில் பிலேயினதாயினும், அவர்கள் மிதிக்கும் நிலம் பிலே அன்று.

கற்களைக் காத்த இவ்வருஞ்செயலைப் போற்றும் வேளையில், அதே நீரால் வீடிழந்த மக்களையும் நினைத்தல் வேண்டும். 1963, 1964ஆம் ஆண்டுகளில் எகிப்திய நூபியர் ஏறக்குறைய 50,000 பேர் கொம் ஓம்போ பகுதியிற் குடியேற்றப்பட்டனர். ஐசிசைக் கடைசிவரை வழிபட்டவருட் சிலர் அவர்தம் முன்னோரே. அவர்களுடைய ஊர்களும் பேரீச்சந்தோப்புகளும் இடுகாடுகளும் நீரின் அடியிற் சென்றன. கோயிலை இலக்கமிட்டு வேறிடத்தில் அடுக்கல் இயலும். ஓர் ஊரின் வாழ்க்கையை அவ்வாறு அடுக்கல் இயலாது. அணையும் வேண்டாத ஒன்றன்று. அது வறட்சியையும் பெருவெள்ளத்தையும் தடுத்து, மின்வலு தந்து, பெருகிவரும் எகிப்திய மக்களுக்குச் சோறிடுகின்றது. ஒருவர் பெற்ற நன்மைக்கு மற்றொருவர் விலைகொடுத்தார் என்பதே இதன் உண்மை.

இன்று அகில்கியாவுக்குப் படகு செலுத்துவோருட் பலர் நூபியரே. அவர்தம் படகிற் செல்பவர், பெருங்கோபுரத்தை மாத்திரம் நோக்கித் திரும்பாது, மூன்று சிறு பொருள்களைத் தேடிக் காணல் வேண்டும்: அதிரியன் வாயிலில் எசுமேத்து-அகோம் பொறித்த இறுதி எழுத்து, தூண்மண்டபத்திற் செதுக்கிய சிலுவை, நீர் நின்ற மட்டத்தைக் காட்டும் சுவரின் கறை. இம்மூன்றையும் கண்டவர் அக்கோயிலின் வரலாற்றைப் பெரும்பாலும் கண்டவராவர்.