மின்னியல் நாணயமும் நமது சட்டமும்

பால் வெட்டி ஈட்டிய பணத்தை மின்னியல் நாணயத்தில் போட்டால் மாதந்தோறும் பெருகும் என்று கூறுவோர் ஜித்ரா வட்டாரத் தோட்டங்களுக்கும் வரக்கூடும். பணம் கொடுக்குமுன் சட்டம் கூறுவதை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பிட்காயின் சட்டமுறை நாணயமன்று என்று பேங்க் நெகாரா 2014 ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. வெள்ளிக்கே அத்தகுதி உண்டு. கடைக்காரர் பிட்காயினை ஏற்கக் கடமைப்பட்டவரல்லர். ஆயினும் அதை வாங்குவது குற்றமன்று. சந்தையில் ஆதாயம் கருதி வாங்கி விற்கப்படும் மின்னியல் நாணயங்களை, 2019 சனவரி 15 இல் நடப்புக்கு வந்த ஆணை பங்குப் பத்திரங்களாக வகைப்படுத்தியது. எனவே அச்சந்தையை நடத்துவோர் பங்குப் பத்திர ஆணையத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். தவறினால் ஒரு கோடி வெள்ளி வரை அபராதமோ, 10 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உலகப் பெயர் பெற்ற பைனான்ஸ் நிறுவனமும் 2021 இல் ஆணையத்தின் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று.

பதிவு பெற்ற சந்தையில் வாங்கினாலும் விலை வீழ்ந்தால் நட்டம் நம்முடையதே. ரப்பர் விலை வீழ்ந்தால் மரமாவது மிஞ்சும், இங்கு அதுவுமில்லை.

தோட்டங்களில் ‘கூட்டு’ப் பிடித்து ஏமாந்தோர் உண்டு. அதைத் தொழிலாக நடத்துவதை 1971 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் ‘கூட்டு’ இடம்பெற்றுள்ளது. (பெருமைப்படத்தக்க இடமன்று!) கூட்டுப் பிடித்தவர் ஓடினால் அவர் வீட்டையாவது அறிவோம். கைப்பேசியில் மட்டும் பேசுபவரை எங்கே தேடுவது?

பதிவு பெற்றோர் பட்டியலை ஆணையத்தின் இணையத்தளத்தில் காணலாம். படித்த பிள்ளைகளின் உதவியை நாடுங்கள். பணம் அனுப்பியபின் ஏமாற்றம் தெரிந்தால் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். பணம் வேறு கணக்குகளுக்கு மாறுமுன் தடுத்தால்தான் மீட்க வழியுண்டு.