டயாலிசிஸ் அறையில் ஒரு வெங்காயக் கிருமி

சித்தூரில் எங்கள் பெரியப்பாவுக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்து வந்தது. கழுத்தில் குழாய் பொருத்தியிருந்தார்கள். ஒருநாள் இயந்திரத்தில் இணைத்த ஒரு மணி நேரத்தில் உடம்பு தூக்கிப்போட்டது. "ஏசி குளிருப்பா, ஒரு போர்வை போதும்" என்றார். அடுத்த முறையும் அதே நடுக்கம். பரிசோதனை ஏதுமின்றி ஜெண்டாமைசின் ஊசி போட்டார்கள். கேட்கவில்லை. பிறகுதான் ரத்தம் கல்ச்சருக்குப் போனது. வந்த பெயர்: பர்கோல்டேரியா செபேசியா.

லத்தீனில் 'செபா' என்றால் வெங்காயம். வெங்காயத்தை அழுகச் செய்யும் கிருமி என்று 1950-இல் இதை விவரித்தவர் அமெரிக்கத் தாவரநோய் அறிஞர் வால்டர் பர்கோல்டர். ஈர மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் இது, நல்ல உடம்புக்காரரைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை. ஆனால் கிருமிநாசினித் திரவத்துக்குள்ளேயே உயிர் பிழைக்கும் வல்லமை இதற்கு உண்டு. குழாய் வாயைத் துடைக்கும் மருந்தே மாசுபட்டு, டயாலிசிஸ் நோயாளிகள் பலருக்கு ஒருசேரத் தொற்றிய நிகழ்ச்சிகள் உலகில் உண்டு.

டயாலிசிஸ் என்பதே தண்ணீரின் வேலைதான். நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் திரவம் ரத்தத்தின் அருகே ஓடுகிறது. நடுவில் மெல்லிய சவ்வு மட்டுமே. கழுத்துக் குழாயோ நேரே பெரிய ரத்தநாளத்துக்குள் நுழைகிறது. குழாய்க்குள் ஒட்டியிருக்கும் கிருமி, ரத்தம் ஓடத் தொடங்கியதும் உள்ளே போகும். அதனால்தான் வீட்டில் வராத காய்ச்சல் இயந்திரத்தில் வருகிறது. ஜெண்டாமைசினுக்கு இக்கிருமி இயல்பாகவே அடங்காது. பெரியப்பாவுக்குக் குழாயை எடுத்து, மருந்தை மாற்றிய பிறகே காய்ச்சல் விட்டது.

இந்தியாவில் 1961-இல் டயாலிசிஸ் தொடங்கியது நம் பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில்தான். 1993-இல் திருப்பதியில் ஸ்விம்ஸ் வந்தது. இன்று சிறிய ஊர்களிலும் இயந்திரங்கள் உள்ளன. ஆகவே வீட்டாரும் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும்.

டயாலிசிஸின்போது நடுக்கம் கண்டால் குளிர் என்று விடாதீர்கள், உடனே சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் ஏறுமுன் ரத்தக் கல்ச்சர் எடுக்கும்படி கேளுங்கள். குழாய் கட்டு நனையக்கூடாது. நீண்ட நாள் சிகிச்சை என்றால், கையில் ஃபிஸ்டுலா அமைக்க முடியுமா என்று மருத்துவரிடம் விசாரியுங்கள். குழாயைவிட அதில் தொற்று குறைவு.

"கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரோ" என்று பெரியப்பா தயங்கினார். கேட்கத்தான் வேண்டும்.