உஷார்! ‘சின்னப் பசங்க சண்டை’ன்னு விட்டுடாதீங்க

கச்சிபவுலி, கொண்டாப்பூர், மியாப்பூர் பக்கம் தெருவுக்குத் தெரு ப்ளே ஸ்கூல். வேலைக்காக ஹைதராபாத் வந்த நம்மவர்கள், பிள்ளைக்கு மூன்று வயது ஆவதற்குள் அங்கே விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடுகிறார்கள். சேர்க்கும்போது ஃபீஸ் எவ்வளவு, ஏ.சி. உண்டா, சி.சி.டி.வி. உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறோம். ‘ஒரு குழந்தை இன்னொரு குழந்தையை விடாமல் வம்புக்கு இழுத்தால் என்ன செய்வீர்கள்?’ என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டுப் பாருங்கள். ‘அதெல்லாம் சின்னப் பசங்க மேடம்!’ என்று சிரித்தால், அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

இரண்டு, மூன்று வயதில் கடிப்பதும் தள்ளுவதும் சகஜம்தான். வாய் பேசத் தெரியாத கோபம் கையில் வருகிறது. ஆனால் அதே பிள்ளை, அதே பிள்ளையைக் குறிவைத்து, திரும்பத் திரும்பச் செய்தால்? அடி வாங்குகிறவனால் எதிர்க்கவும் முடியாவிட்டால்? அது விளையாட்டுச் சண்டை அல்ல. 1983-ல் நார்வே பள்ளிகளில் வம்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் வைத்த அளவுகோல் இதுதான்.

அடியாவது கண்ணுக்குத் தெரியும். ‘நீ கறுப்பு, பக்கத்துல உட்காராதே’, ‘என் பர்த்டேக்கு வராதே’, ‘யாரும் இவளோட சேராதீங்க’ என்பதெல்லாம் எந்த கேமராவிலும் பதியாது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடமே இப்படி ஒதுக்கிவைக்கும் வழக்கம் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர் நிக்கி கிரிக் குழுவினர் 1997-லேயே எழுதிவிட்டார்கள்.

ஹைதராபாதில் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல், பாஷை. வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும். அடித்தவன் ஓடிப்போய் ஆயாவிடம் சரளமான தெலுங்கில் தன் கதையைச் சொல்லிவிடுவான். அடிவாங்கியவனுக்கு அழ மட்டும்தான் தெரியும். அழுகிற பிள்ளைக்கு ‘அடம்’ என்று பெயர்! தெலுங்கு தெரியாது என்பதே கிண்டலுக்கும் காரணமாகும். ரைம்ஸ் அப்புறம் வரட்டும். முதல் வாரமே ‘வத்து’ (வேண்டாம்), ‘நன்னு கொட்டாடு’ (என்னை அடிச்சுட்டான்) என்ற இரண்டையும் உரக்கச் சொல்லப் பழக்குங்கள். உங்கள் வீட்டுத் தமிழைப் புரிந்துகொள்ளும் டீச்சரோ ஆயாவோ இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று நிம்மதியாக இருக்க முடியாது. அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடுக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்குத்தான். நர்சரி, எல்.கே.ஜி. அதற்கு வெளியே. பள்ளிகளில் வம்புத் தடுப்புக் குழு வேண்டும் என்று சி.பி.எஸ்.இ. 2015 மார்ச்சில் சுற்றறிக்கை அனுப்பியது. எச்சரிக்கை, சஸ்பென்ஷன், பள்ளியிலிருந்து நீக்கம் என்று போகும் அந்தத் தண்டனைகளை நான்கு வயதுக் குழந்தைக்கு எப்படிப் பொருத்துவது? போலீசும் வழியல்ல. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தை செய்வது எதுவும் சட்டப்படி குற்றமே ஆகாது.

ஆக, பெரியவர்களின் கண் ஒன்றுதான் காவல். 20 குழந்தைக்கு ஓர் ஆசிரியை, ஓர் ஆயா என்பது தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் ப்ளே ஸ்கூல்களுக்குச் சொன்ன கணக்கு. நேரில் போய் எண்ணிப் பாருங்கள். கழிப்பறை வாசலில் யார் நிற்கிறார்கள், சாப்பாட்டு வேளையில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முக்கியமாக வேனும் ஆட்டோவும்: யு.கே.ஜி. பிள்ளை அஞ்சாம் வகுப்புப் பையன்களோடு நெருக்கியடித்துப் போகிறதா?

யூனிஃபார்மைப் பார்த்ததும் வயிற்றுவலி, திடீரென்று படுக்கையில் சிறுநீர், டப்பா காலியாக வந்தும் அகோரப் பசி... இதெல்லாம் வேறு காரணத்தாலும் வரலாம். ஆனால் அசட்டை வேண்டாம். ‘யார் அடிச்சா, சொல்லு!’ என்று உலுக்காதீர்கள். மிரண்டுபோய் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவைக்கும். ‘இன்னைக்கு யார் பக்கத்துல சாப்பிட்டே?’ என்று கேளுங்கள். ‘நீயும் திருப்பி அடி’ வேண்டவே வேண்டாம். வாட்ஸப் குரூப்பில் அந்தப் பிள்ளையின் பெயரைப் போட்டு நாறடிப்பதும் கூடாது, அதுவும் குழந்தைதான். தேதி, இடம், நடந்தது என எழுதிப் பிரின்சிபாலிடம் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். குழந்தைக்கு ஆபத்து என்றாலோ, பெரியவர்களே கை நீட்டினாலோ 1098-ஐ அழையுங்கள்.

பெரியவர்கள் என்றதும் ஒன்று. 2017 செப்டம்பரில் இதே நகரில், யூனிஃபார்ம் போடாமல் வந்த 11 வயதுச் சிறுமியை ஆண் பிள்ளைகளின் கழிப்பறையில் நிற்கவைத்ததாக ஒரு தனியார் பள்ளி மீது புகார் எழுந்தது. அப்போது அமைச்சராக இருந்த கே.டி.ராமராவ் பகிரங்கமாகக் கண்டித்தார். டீச்சரே அவமானத்தைத் தண்டனையாகக் கொடுத்தால், பார்க்கிற பிள்ளைகள் அதைத்தானே கற்கும்? வீட்டில் மட்டும் என்ன, ‘குண்டு’, ‘கறுப்பி’ என்று நாம் செல்லமாகச் சொல்வது மறுநாள் வகுப்பில் யார் மீதோ விழுகிறது.

நாளைக்கே பள்ளியிலிருந்து போன் வந்து, ‘உங்க பையன்தான் அடிக்கிறான்’ என்று சொல்லலாம். ‘எங்க வீட்ல அப்படி வளர்க்கல’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். எந்த நேரத்தில், யாரை, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்று சாயங்காலமே டீச்சரைப் போய்ப் பாருங்கள்.