பொறி வரைந்த மணிக்கூடு



சென்ற தவணைப் பரீட்சை முடிந்த சில நாட்களின் பின்னர், மூன்றாந் தரத்து மாணவி ஒருத்தி தன் தாயாருடன் எனது அலுவலகத்துக்கு வந்தாள். அவள் கையிலே கணித வினாத்தாள் இருந்தது. மூன்று மணிக்கூடுகளின் படங்களைக் காட்டி, ஒவ்வொன்றும் காட்டும் நேரம் யாதென அதில் வினவப்பட்டிருந்தது. மூன்றுக்கும் அவள் பத்து மணி பத்து நிமிடம் என்றே எழுதியிருந்தாள். மூன்றும் பிழையெனச் சிவப்பு மையாற் குறிக்கப்பட்டிருந்தன. "சேர், எனக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாதா?" என்று அவள் கேட்டாள்.

படங்களைக் கூர்ந்து நோக்கினேன். பிள்ளையின் விடையே சரி. மூன்று மணி, ஆறரை மணி, எட்டே முக்கால் மணி எனக் குறிப்பிட்டு, செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் ஆசிரியை கேட்டுப் பெற்ற படங்கள் அவை. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. அவற்றை ஒப்புநோக்காமல் வினாத்தாளை அச்சுக்கு அனுப்ப ஒப்பமிட்டவன் நானே.

இத்தகைய பிழை நேர்வதேன்? அதனை அறிய இப்பொறி தொழிற்படும் முறையை அறிதல் வேண்டும்.

கோடிக்கணக்கான படங்களும் அவற்றை விவரிக்குஞ் சொற்களும் இணை இணையாக இதற்குப் பயிற்சியாக ஊட்டப்படுகின்றன. 2022ஆம் ஆண்டில் வெளியான லயன் 5பி என்னுந் தொகுதியில் மாத்திரம் ஏறத்தாழ 585 கோடி இணைகள் இருந்தன. பயிற்சியின்போது, நல்ல படமொன்றின் மீது புள்ளி புள்ளியாக மாசு தூவி அதனை மறைப்பர். அம்மாசினை நீக்கப் பொறி பழகும். பழகிய பின்னர், வெறும் மாசையே அதன்முன் வைத்து, "இதனுள் ஒரு மணிக்கூடு உண்டு" என்று சொல்லால் உணர்த்தினால், மாசினைப் படிப்படியாக நீக்கி மணிக்கூடு ஒன்றை வெளிக்கொணரும். மழைநீர் ஊறிய சுவரிலே சிறுவர் யானையையுங் குதிரையையுங் காண்பதை இஃது ஓரளவு ஒக்கும். தான் மிகுதியாகக் கண்டதையே அது அங்குங் காணும்.

மணிக்கூட்டைப் பொறுத்தவரை அது மிகுதியாகக் கண்டவை விளம்பரப் படங்கள். விற்பனைக்கென மணிக்கூட்டைப் படம் பிடிப்போர் முட்களைப் பெரும்பாலும் பத்து மணி பத்து நிமிடத்தில் நிறுத்துவர். அந்நிலையில் முட்கள் இருபுறமும் ஒத்து அழகுடன் விரிந்திருக்கும். பன்னிரண்டின் கீழுள்ள உற்பத்தியாளர் பெயரும் மறையாது. வணிகரின் அவ்வழக்கமே பொறியின் பழக்கமாயிற்று. விளிம்புவரை நிரம்பிய திராட்சைரசக் கிண்ணத்தைக் கேட்டபோது, அரைக் கிண்ணமே நிரம்பிய படத்தை இக்கருவிகள் நெடுநாள் தந்தமைக்கும் காரணம் இதுவே.

வேறு குறைகளும் உள. ஆரம்பகாலக் கருவிகள் மனிதர் கைக்கு ஆறு, ஏழு விரல்களை வரைந்தன. புகைப்படங்களில் விரல்கள் மடங்கியும் மறைந்தும் காணப்படுகின்றன. பொறியோ அவற்றை எண்ணுவதில்லை. "யானை இல்லாத அறை" என்றால், இன்மையை விட்டு யானையைப் பற்றிக்கொண்டு, அறையின் நடுவே அதனை நிறுத்திய கருவிகளும் உண்டு. அண்மைக் காலக் கருவிகளில் விரல்கள் பெரிதுந் திருந்திவிட்டன. ஆங்கில எழுத்துக்களுந் தெளிவாக வருகின்றன. ஆயின் தமிழெழுத்துக்கள் இன்றும் பல கருவிகளிற் கொம்பும் காலும் இடம்மாறிச் சிதைகின்றன. தமிழ் அதற்குப் பயிற்சியாகக் கிடைத்தது குறைவு.

பிழைபடும் படத்தைக் காட்டிலும் பிழை தெரியாத படமே அபாயமானது. 2023 மே 22ஆம் திகதி, அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமாகிய பென்டகன் அருகே குண்டு வெடித்ததாக ஒரு போலிப் படம் பரவிற்று. அது செயற்கை நுண்ணறிவாற் செய்யப்பட்டதெனக் கருதப்படுகின்றது. அதிகாரிகள் மறுக்குமுன்னரே அந்நாட்டுப் பங்குச் சந்தை சற்று நேரம் சரிந்து மீண்டது.

ஆதலின், நேயர்களே, பொறி தரும் படத்தை நாம் பயன்படுத்தலாகாது என்று நான் கூறவில்லை. கேட்டது வந்ததா என்று ஒருவர் தம் கண்ணாற் பார்த்த பின்னரே அது பிள்ளைகளிடஞ் செல்ல வேண்டும். வந்ததைப் பாராமல் கேட்டதையே நம்பி நாங்கள் புள்ளியிட்டோம். அதனால் சரியாகக் கண்ட பிள்ளை தன் கண்ணையே ஐயுற நேர்ந்தது.

மறுநாட் காலை ஆசிரியையும் நானும் வகுப்புக்குச் சென்று எங்கள் தவற்றை ஒப்புக்கொண்டோம். விடைத்தாள்கள் அனைத்தும் மீளத் திருத்தப்பட்டன. அலுவலகச் சுவரிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி அச்சிறுமியின் கையிற் கொடுத்தேன். அவள் முட்களைத் திருப்பி ஆறரை மணியில் நிறுத்தி, வகுப்பாருக்கு உயர்த்திக் காட்டினாள்.