ஒரு படமும் மூன்று நடுவர்களும்

மும்பையிலிருந்து புணே செல்லும் பெருவழியில், பவனா ஆற்றை அடுத்துப் பிம்ப்ரி என்னும் ஊர் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசாங்க நிறுவனம் பெனிசிலின் மருந்து தயாரிப்பதற்காக அங்கே தோற்றுவிக்கப்பட்டது முதல் அவ்வூரின் பெயர் நாடெங்கும் தெரியலாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் மாணவர்களுக்காக நடைபெற்ற புகைப்படப் போட்டி ஒன்றிற்கு நடுவராக இருக்கும்படி என்னை அழைத்திருந்தனர். நடுவர்கள் மூவர். மற்ற இருவரும் மராட்டியர். ஒருவர் நெடுங்காலமாக ஸ்டூடியோ நடத்துபவர், மற்றவர் ஓவிய ஆசிரியை. படத்திற்குப் பத்து மதிப்பெண். மூவர் இடுவதையும் கூட்டினால் வரிசை வந்துவிடும் என்றார்கள். இதைவிட எளிதான வேலை ஏது என்று எண்ணிக்கொண்டுதான் நான் உட்கார்ந்தேன்.

மழைக்காலத் தொடக்கத்தில் தேஹூவிலிருந்து துகாராம் மகானின் பாதுகைகளைத் தாங்கிப் பண்டரிபுரம் செல்லும் பல்லக்கு பிம்ப்ரி வழியாகவே புணேயை அடைகிறது. ஆகவே மாணவர்கள் அளித்த படங்களில் அந்த யாத்திரைப் படங்கள் பல இருந்தன. தலையில் துளசி மாடம் தாங்கி, மழையில் நனைந்தவாறு நடக்கும் ஒரு மூதாட்டியின் படத்தைக் கண்டு நான் மனம் உருகினேன். ஒன்பது மதிப்பெண் இட்டேன். ஸ்டூடியோக்காரர் இட்டதோ நான்கு. காரணம் கேட்டபோது, “ஐயா, இந்தப் பக்கத்தில் காமிரா வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் எடுக்கும் படம் இது. நானே இதைக் காலண்டருக்கு விற்றிருக்கிறேன்” என்றார். அவர் ஒன்பது இட்ட படம் வேறு. ஆலை வாயிலில் சாய்த்து நிறுத்திய சைக்கிள், அதன் கைப்பிடியில் தொங்கும் சோற்று டப்பா, அவ்வளவே. நான் அதனை ஒரு நொடி பார்த்துவிட்டு ஐந்து போட்டுத் தள்ளியிருந்தேன்.

நான் பாராட்டியதில் மாணவனுடைய திறமை எவ்வளவு, அக்காட்சி எனக்குப் புதிது என்பது எவ்வளவு என்று அப்போதுதான் யோசித்தேன். கும்பகோணத்துப் போட்டிக்கு ஒரு மராட்டிய நடுவர் வந்தால், வாசலில் மாக்கோலம் இடும் பெண்ணின் படத்திற்கு அவரும் இப்படித்தான் ஒன்பது இடுவார்; நாம் சலித்துக்கொள்வோம்.

அன்று முதற்பரிசு பெற்ற படம் ஓர் ஆற்றுப் பாலத்தின் மேல் தோன்றும் அந்திச் சூரியன். மூவரும் ஏழு ஏழாக இட்டிருந்தோம், ஆக 21. இரண்டாவதாக நின்றது ஒரு மாணவியின் படம். மின்சாரம் நின்ற இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாடம் படிக்கும் தம்பி. கை அசைந்ததால் முகம் கலங்கியிருந்தது. அக்கலக்கத்திலேயே அவனுடைய தூக்கக் கலக்கமும் தெரிந்தது. ஆசிரியை பத்து இட்டார், நான் எட்டு, ஸ்டூடியோக்காரர் இரண்டு, ஆக 20. அந்திச் சூரியனை எங்களில் ஒருவரும் முதற்படமாகக் கருதவில்லை. இருந்தும் அதுவே வென்றது. கூட்டல் கணக்கின் இயல்பு இது. ஒருவரையும் உறுத்தாத படம் மேலேறும். இருவரை உலுக்கி ஒருவரைச் சினமூட்டிய படம் கீழிறங்கும். மதிப்பெண் தாளில் பிழை இல்லை. முடிவில்தான் எங்கள் மூவருடைய மனமும் இல்லை.

விழா முடிந்ததும் அந்த மாணவி எங்களிடம் வந்து, தன் படத்தில் என்ன குறை என்று பணிவாகக் கேட்டாள். இரண்டு இட்டவர் வேறு பக்கம் பார்த்தார். பத்து இட்டவர் தம் மதிப்பெண்ணைச் சொல்லலாகாது என்பது விதி. எழுதிய குறிப்பு ஒன்றுமில்லை. “நன்றாக இருக்கிறது, தொடர்ந்து எடு” என்று சொல்லி அனுப்பினோம். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அச்சொல்லால் என்ன பயன்?

விதிகளைக் கொண்டு அளந்தால் இத்தொல்லை தீராதா என்று நேயர்கள் கேட்கலாம். சட்டத்தை மூன்று பங்காகப் பிரித்து, முக்கியப் பொருளை அக்கோட்டின்மேல் வைக்கவேண்டும் என்ற விதியைப் புகைப்படக் கழகங்களில் அடிக்கடி கேட்கிறோம். இக்கருத்தை 1797-ஆம் ஆண்டில் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் நாட்டுப்புறக் காட்சி ஓவியங்களைப் பற்றிய நூலில் எழுதினார். அப்போது புகைப்படமே கண்டுபிடிக்கப்படவில்லை. பழகுவோருக்கு அது நல்ல ஊன்றுகோல். ஆனால் அந்தத் தம்பியின் படம் எல்லா விதிகளிலும் தோற்ற படம். அந்திச் சூரியன் எல்லாவற்றிலும் தேறிய படம்.

கலைக்கு மட்டும் உரிய சங்கடம் என்றும் இதைத் தள்ளிவிட இயலாது. அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1913-இல் ஒரே வடிவக்கணித விடைத்தாளைப் படியெடுத்து நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினர். ஒருவர் முப்பதுக்கும் குறைவாக இட்ட அதே தாளுக்கு வேறொருவர் தொண்ணூறுக்கும் மேல் இட்டிருந்தார். வடிவக்கணிதத்திலேயே இவ்வாறாயின், மெழுகுவர்த்தி வெளிச்சத்திற்கு என்ன செய்வது!

பார்க்கும் வரிசையும் தன் வேலையைச் செய்கிறது. பெல்ஜியத்தில் எலிசபெத் அரசியின் பெயரால் நடைபெறும் இசைப் போட்டியில், வாசிக்கும் முறை சீட்டுக் குலுக்கலால் முடிவாகிறது. ஆயினும் முதல் நாளில் வாசித்தவர்கள் பின்தங்கிவிடுவதை 1996-இல் இரு பொருளியலறிஞர்கள் ஆராய்ந்து காட்டினர். தொடக்கத்தில் நடுவர் கையை இறுக்குகிறார். இன்னும் எவ்வளவு நல்லது வருமோ என்ற எச்சரிக்கை.

பெரும்பரிசுகளும் இதற்கு விலக்கல்ல. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயுவால் மாண்ட ஒரு குழந்தையை மண்ணில் புதைக்கும் காட்சியைப் பாப்லோ பார்த்தலோமியு வண்ணத்தில் எடுத்தார். ரகு ராய் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவ்வாண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்படப் பரிசு பார்த்தலோமியுவின் படத்திற்குக் கிடைத்தது. ரகு ராயின் படம் பரிசின்றியே உலகெங்கும் சென்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, எது மேல் என்று கேட்பதே கூச்சமாக இருக்கும்.

ஒன்றில் மட்டும் நடுவர்கள் தயங்க வேண்டுவதில்லை. படம் உண்மையா என்பது ரசனையைச் சேர்ந்த வினா அன்று. 2009-இல் லண்டனில் காட்டுயிர்ப் புகைப்படப் பரிசு பெற்ற ஓநாய், பழக்கப்பட்ட விலங்காக இருக்கக்கூடும் என்று கண்டு மறு ஆண்டே பரிசை நீக்கினர். 2023-இல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியர், தம் படம் செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டது என்று தாமே அறிவித்துச் சோனி நிறுவனத்தின் பெயரால் வழங்கப்படும் பரிசை மறுத்தார். காமிராவில் பதிந்த மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது மாணவர் போட்டிக்கும் இன்று தேவையே.

மறு ஆண்டு மீண்டும் பிம்ப்ரிக்கு அழைத்தார்கள். எல்லாப் படங்களையும் ஒருமுறை மதிப்பெண்ணின்றிப் பார்த்துவிடுவது, பெயரை மறைப்பது, ஒருவர் தாளை மற்றவர் பாராமல் எழுதுவது என்று முன்னரே பேசிக்கொண்டோம். மூவருக்குள் நான்கு மதிப்பெண்ணுக்கு மேல் வேற்றுமை வந்த படங்களைத் தனியே எடுத்து வைத்து, அவற்றைப் பற்றி மட்டும் வாதிட்டோம். அன்று மாலை முழுவதும் அதற்கே செலவாயிற்று. தேநீர் மூன்று முறை வந்தது. ஒவ்வொரு படத்தின் பின்னும் நடுவர் ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதிய சீட்டை இணைத்தோம். ஒரு மாணவனுடைய தெருக்காட்சியில், “முன்னே நிற்கும் மின்கம்பம் படத்தைக் கெடுக்கிறது” என்று நான் எழுதியிருந்தேன். “அந்தக் கம்பத்தை எடுத்துவிட்டால் இப்படம் இல்லை” என்று ஓவிய ஆசிரியை எழுதியிருந்தார். ஒன்றை நீக்கிவிடலாமா என்று அமைப்பாளர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, இரண்டு சீட்டுகளையும் அப்படியே அவனிடம் கொடுத்துவிட்டோம்.